இருபது பெற்றவள்

ஆடம் ஸ்மித்தின் இரண்டு பெரிய நூல்களிலும் ஒரு தாய் வருகிறாள். 1759இல் வெளிவந்த 'அறவுணர்வுகளின் கோட்பாடு' நூலின் முதல் அத்தியாயத்திலேயே முதல் தாயைப் பார்த்துவிடுகிறோம். அவளுடைய குழந்தை நோயில் முனகிக்கொண்டிருக்கிறது. எங்கே வலிக்கிறது என்று சொல்லத் தெரியாத வயது. குழந்தைக்கு அந்த நிமிடத்தின் வேதனை மட்டும்தான். இனி என்ன ஆகுமோ என்ற பயம் அதற்குக் கிடையாது. தாய்க்கோ குழந்தையின் இயலாமையோடு, அந்த இயலாமையைத் தான் அறிந்திருப்பதும், நாளையைப் பற்றிய அச்சமும் சேர்ந்துகொள்கின்றன. இன்னொருவர் துன்பத்தில் நாம் எப்படிப் பங்குகொள்கிறோம் என்பதை விளக்க ஸ்மித் தேர்ந்துகொண்ட காட்சி இது. நுட்பமான காட்சி. எத்தனை முறை படித்தாலும் என்னை நிறுத்திவிடும் பக்கம்.

பதினேழு ஆண்டுகளுக்குப் பிறகு, 1776இல், 'நாடுகளின் செல்வம்' வருகிறது. அதன் முதல் பகுதியின் எட்டாம் அத்தியாயம் கூலியைப் பற்றியது. இரண்டாவது தாய் அங்கே இருக்கிறாள். ஸ்காட்லாந்தின் மலைநாட்டுக்காரி. அரை வயிற்றுக் கஞ்சியோடு இருபது பிள்ளை பெற்றவள்; அவற்றில் இரண்டுகூட உயிரோடு இல்லாதவள். இது அங்கே அபூர்வமான சங்கதி இல்லை என்று தனக்குப் பலமுறை சொல்லப்பட்டிருப்பதாக எழுதுகிறார் ஸ்மித். அடுத்துப் படைமுகாமுக்குப் போகிறார். சிப்பாய்களுக்குப் பிறக்கும் பிள்ளைகளைக் கொண்டு படைக்கு ஆள் சேர்ப்பது இருக்கட்டும், முரசு கொட்டவும் குழல் ஊதவும்கூடப் பையன்கள் தேறுவதில்லை என்று அனுபவசாலிகளான அதிகாரிகள் அவரிடம் சொல்லியிருக்கிறார்கள். சில ஊர்களில் பிறந்த குழந்தைகளில் பாதி நான்கு வயதுக்குள் இறந்துவிடுகின்றன, பல ஊர்களில் ஏழு வயதுக்குள். இப்படிச் சாகும் குழந்தைகள் பெரும்பாலும் ஏழைகளுடையவை. இதிலிருந்து அவர் வந்து சேரும் இடம்: மற்ற எந்தச் சரக்கையும் போலவே மனிதர்களின் உற்பத்தியையும் மனிதர்களுக்கான தேவையே ஒழுங்குபடுத்துகிறது.

முதல் தாயின் நெஞ்சுக்குள் புகுந்து பார்த்தவர், பத்தொன்பது பிள்ளைகளையாவது மண்ணில் வைத்த இரண்டாம் தாயின் பக்கம் ஒரு வாக்கியத்துக்குமேல் நிற்கவில்லை. அந்தப் பத்தொன்பதில் ஒன்றாவது முனகியிருக்கும்.

இந்த இரண்டு பக்கங்களுக்கும் இடையே என்ன நடந்தது என்பதே என் கேள்வி. பொருளியல் படிக்கும் மாணவிகளுக்கு இதன் ஆண் வடிவம் தெரிந்திருக்கும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மன் அறிஞர்கள் அதற்கு 'ஆடம் ஸ்மித் சிக்கல்' என்று பெயரே வைத்தார்கள். பரிவைப் பற்றி எழுதிய ஸ்மித்தும் சுயநலத்தைப் பற்றி எழுதிய ஸ்மித்தும் எப்படி ஒரே ஆளாக இருக்க முடியும் என்பது அந்தச் சிக்கல். அதற்கான பதிலும் இப்போது பழகிவிட்டது. ஸ்மித் கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் அறவியல் பேராசிரியர். இறையியல், அறவியல், சட்டநெறி என்று போன அவருடைய பாடத்தின் கடைசிப் பகுதியாகவே பொருளியல் இருந்தது. கசாப்புக்காரரும் ரொட்டி சுடுபவரும் நம் மேல் உள்ள இரக்கத்தால் நமக்கு உணவு தருவதில்லை என்ற புகழ்பெற்ற இடம் பண்டமாற்று எப்படி நடக்கிறது என்று மட்டுமே சொல்கிறது. மனிதர் முழுவதும் இப்படித்தான் என்று சொல்லவில்லை. அமர்த்திய சென் 1987இல் வெளியிட்ட அறவியலும் பொருளியலும் குறித்த சிறு நூலில் இதை வலுவாக வாதிட்டிருக்கிறார். நவீன பொருளியல் அறவியலிலிருந்து விலகிப்போனதால் வறுமைப்பட்டது, ஸ்மித்தை முழுதாகப் படித்தால் அந்தப் பிரிவு அவரிடம் இல்லை என்பது தெரியும் என்பது அவர் கட்சி.

சென் சொல்வது சரி. மலைநாட்டுத் தாய் வரும் அதே அத்தியாயத்தில்தான், மக்களில் பெரும்பகுதி ஏழைகளாக இருக்கும்போது ஒரு சமூகம் செழித்திருக்கிறது என்று சொல்ல முடியாது என்கிறார் ஸ்மித். எல்லோருக்கும் உணவும் உடையும் உறையுளும் உண்டாக்குபவர்கள் தாங்களும் ஓரளவு நன்றாக உண்டு உடுத்து வாழ்வதே நியாயம் என்கிறார். இரக்கம், தர்மம் என்ற சொற்களை அங்கே அவர் பயன்படுத்தவில்லை. நியாயம் என்ற சொல்லையே பயன்படுத்துகிறார். மலைநாட்டுத் தாயைக்கூட அவர் கூலி உயர வேண்டும் என்று வாதிடவே அழைத்துவருகிறார். கூலி தாராளமாக இருந்தால் பிள்ளைகள் பிழைக்கும். ஆக, இந்தப் பொருளியலில் அறம் இருக்கிறது. சிக்கல் அது எவ்வளவு தூரம் போகிறது என்பதில் இருக்கிறது.

அதே அத்தியாயத்தில் ஒரு கணக்கு உண்டு. ரிச்சர்ட் கான்டிலான் என்ற முன்னோடியிடமிருந்து ஸ்மித் எடுத்துக்கொண்டது. கூலிக்காரர் ஒருவர் குறைந்தபட்சம் எவ்வளவு சம்பாதிக்க வேண்டும்? தன் ஒருவர் பிழைப்புக்கு ஆவதைப்போல இரண்டு மடங்கு. ஏன் இரண்டு மடங்கு? இரண்டு பிள்ளைகள் வளர்ந்து ஆளாக வேண்டும். பிறப்பதில் பாதி செத்துப்போவதால் இரண்டு மிஞ்ச நான்கு பெற வேண்டும். நான்கு பிள்ளைகளின் சாப்பாடு ஏறக்குறைய ஒரு ஆள் சாப்பாட்டுக்குச் சமம். சரி, மனைவி? அவளுடைய உழைப்பு அவளுடைய பிழைப்புக்கு மட்டும் போதும் என்று வைத்துக்கொள்ளப்படுகிறது. காரணமும் சொல்லப்படுகிறது: அவள் பிள்ளைகளைக் கவனித்தாக வேண்டும்.

இந்த வரியை நாம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஸ்மித் பெண்ணின் வேலையைப் பார்க்கவில்லை என்று சொல்வது வழக்கம். இங்கே பார்த்திருக்கிறார். கவனிப்பு என்ற ஒன்று நடக்கிறது, அது தவிர்க்க முடியாதது, அதற்கு நேரம் பிடிக்கிறது, அந்த நேரத்தால் அவள் வருமானம் குறைகிறது, இத்தனையும் அவருக்குத் தெரிந்திருக்கிறது. நான்கு பிள்ளைகளின் கஞ்சி செலவுப் பக்கத்தில் ஏறியது. அந்த நான்கையும் சுமந்து பெற்று, இரண்டைப் புதைத்து, இரண்டை ஆளாக்கும் வேலை, அவள் ஏன் குறைவாகச் சம்பாதிக்கிறாள் என்பதற்கான காரணமாக மட்டும் கணக்கில் நுழைந்து, உடனே வெளியேறிவிட்டது. தெரியாமல் விட்டுப்போனது வேறு, தெரிந்து கழித்தது வேறு.

அவரை இன்னும் கடினமாகக் குறை சொல்லத் தோன்றும்போதெல்லாம் எனக்கு அந்த நூற்புக்காரிகள் ஞாபகத்துக்கு வருவார்கள். பத்தாம் அத்தியாயத்தில், ஸ்காட்லாந்தின் பெரும்பாலான பகுதிகளில் வாரம் இருபது பென்ஸ் சம்பாதிப்பவள் கெட்டிக்கார நூற்புக்காரி என்று எழுதுகிறார். சாதாரணக் கூலிவேலைக்கு அதே நாட்டின் சமவெளியில் நாளொன்றுக்கு எட்டு பென்ஸ் என்று முன்பே சொல்லியிருக்கிறார். ஆறு நாளைக்கு நாற்பத்தெட்டு. இரண்டையும் அவர் பக்கத்தில் வைத்து ஒப்பிடவில்லை, நாம் வைத்துப் பார்க்கலாம். ஆனால் நான்காம் பகுதியில் வணிகக் கொள்கையை விமர்சிக்கும்போது இந்தப் பெண்களுக்காகவே பேசுகிறார். துணி ஆலை முதலாளிகள் வெளிநாட்டு நூலைத் தடையின்றி உள்ளே கொண்டுவரச் சட்டம் வாங்கினார்கள். ஏனென்றால் உள்ளூரில் நூல் நூற்பவர்கள் ஏழைகள், பெரும்பாலும் பெண்கள், நாடெங்கும் சிதறிக் கிடப்பவர்கள், ஆதரவு அற்றவர்கள். பணக்காரரின் தொழில் ஊக்கப்படுத்தப்படுகிறது, ஏழையின் தொழில் நசுக்கப்படுகிறது என்று கோபத்தோடு முடிக்கிறார். 1776இல் ஒரு பொருளியல் நூல் அமைப்பற்ற பெண் தொழிலாளர்களின் பலவீனத்தை இவ்வளவு துல்லியமாகச் சொல்லியிருப்பது சின்ன விஷயமில்லை.

ராட்டைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்வரை அந்தப் பெண்ணுக்கு ஸ்மித்திடம் நியாயம் கிடைக்கிறது. குழந்தை அழுகிறது என்று அவள் எழுந்து போன கணமே நியாயம் என்ற சொல் அவளைவிட்டுப் போய்விடுகிறது. அங்கே வேறு சொற்கள் ஆட்சி செய்கின்றன: இயல்பு, பாசம், கனிவு.

இதற்கான காரணம் பொருளியல் நூலில் கிடைக்காது. அற நூலில்தான் கிடைக்கும். அதன் நான்காம் பகுதியில் ஸ்மித் இரண்டு நற்பண்புகளைப் பிரிக்கிறார். கனிவு பெண்ணின் பண்பு, பெருந்தன்மை ஆணின் பண்பு. பெண்கள் பொதுவாக நம்மைவிட மென்மையானவர்கள், ஆனால் பெருந்தன்மை அவர்களிடம் அரிது என்கிறார் ('நம்மைவிட' என்ற சொல்லில் வாசகர் யார் என்பது தெரிந்துவிடுகிறது). இரண்டு பண்புகளுக்கும் என்ன வேறுபாடு? பெருந்தன்மைக்குத் தன்னைக் கட்டுப்படுத்த வேண்டும், தன் நலனை விட்டுக்கொடுக்க வேண்டும். கனிவுக்கு அப்படி எந்தத் தன்மறுப்பும் தேவையில்லை. பிறர் துன்பம் தானாக உள்ளே பட்டு, தானாக வெளிவருவது அது.

இப்போது கூலிக் கணக்குக்குத் திரும்பிப் பார்த்தால் அந்தக் கழித்தல் புரியும். எந்த விலையும் கொடுக்காமல், எதையும் இழக்காமல், இயல்பாகச் சுரப்பது என்று அறவியல் ஏற்கெனவே முடிவுகட்டிய ஒன்றுக்குப் பொருளியல் ஏன் விலை போட வேண்டும்? இரவெல்லாம் விழித்திருப்பவள் எதையும் மறுத்துக்கொள்ளவில்லை, தன் இயல்பின்படி இருக்கிறாள், அவ்வளவுதான். பொருளியலுக்குள் அறத்தை மீண்டும் கொண்டுவாருங்கள் என்று சென் கேட்பதை நான் ஆதரிக்கிறேன். ஆனால் கொண்டுவரப்படும் அந்த அறத்திலேயே ஓட்டை இருந்தது. 'நாடுகளின் செல்வம்' மலைநாட்டுத் தாயைக் கைவிட்டதற்கு முன்பே, அவளுடைய உழைப்பை உழைப்பாகப் பார்க்க முடியாதபடி 'அறவுணர்வுகளின் கோட்பாடு' செய்துவைத்துவிட்டது.

அந்த நூலின் கடைசிப் பகுதியில் இன்னொரு இடம். பரிவு என்பது வேடமிட்ட சுயநலமே என்பவர்களை மறுக்க ஸ்மித் ஓர் உதாரணம் தருகிறார்: பிரசவ வேதனையில் இருக்கும் பெண்ணுக்காக ஓர் ஆண் பரிவுகொள்ள முடியும், அவனால் அந்த வலியைத் தன் உடலில் கற்பனை செய்யவே முடியாது என்றாலும். வாதமாக இது அருமையானது. ஆனால் அறவியல் உரையில் பிரசவ அறை எப்படி வருகிறது பாருங்கள். ஆண் வெளியே நிற்கிறான். அவனுடைய பரிவு எவ்வளவு தூயது என்பதே பேச்சு. உள்ளே தண்ணீர் சுடவைப்பவள், கையைப் பிடித்துக்கொண்டிருப்பவள், தொப்புள்கொடி அறுப்பவள் யாரும் உதாரணத்தில் இல்லை. அவர்களுடைய பரிவுக்குக் கைகள் இருக்கின்றன என்பதாலோ என்னவோ.

வேலைக்காரிகளை மட்டும் அவர் பட்டியலில் சேர்த்தார். எசமானின் செல்வத்தைக் கூட்டாத, செய்த கணத்திலேயே மறைந்துபோகிற வேலை என்பதால் வீட்டுப் பணியாளரின் உழைப்பு ஆக்கம் தராத உழைப்பு. அந்தப் பட்டியலில் அரசர், படைவீரர், பாதிரி, வழக்கறிஞர், மருத்துவர், எழுத்தாளர், கோமாளி, இசைநாடகப் பாடகர் எல்லோரும் உண்டு. கவிதை எழுதி, வகுப்பில் பேசிப் பிழைக்கும் எனக்கும் அதில் இடம் இருக்கிறது, புகார் இல்லை. ஆக்கம் தராதது என்றால் பயனற்றது என்று அவர் சொல்லவும் இல்லை. நான் கவனிப்பது வேறு. கூலி வாங்கிச் சமைப்பவள் ஆக்கமற்றவர்களின் பட்டியலிலாவது இருக்கிறாள். கூலியின்றிச் சமைப்பவள் எந்தப் பட்டியலிலும் இல்லை.

ஸ்மித்துக்குச் சோறு போட்டது யார் என்ற கேள்வியைக் காத்ரீன் மார்சால் தன் நூலின் தலைப்பாகவே வைத்து உலகெங்கும் கொண்டுபோனார். பிறப்பதற்கு முன்பே தந்தையை இழந்த ஸ்மித்தை வளர்த்த தாய் மார்கரெட் டக்ளஸ் 1784இல் இறக்கும்வரை அவருடன் இருந்தார். வீட்டை நடத்தியவர் உறவுப் பெண் ஜேனட் டக்ளஸ். அவர் 1788இல் இறந்தார், ஸ்மித் 1790இல். நல்ல கேள்விதான். ஆனால் அதைக் கேட்டுச் சிரித்துவிட்டு நூல்களைப் படிக்காமல் விட்டுவிடும் பழக்கம் நம்மிடையே வந்துவிட்டது. கான்டிலான் கணக்கின் அந்த ஒரு வரி, சாப்பாட்டு மேசையைவிட அதிகம் சொல்கிறது.

தமிழ் படித்தவளாக எனக்கு இங்கே ஒரு குறுக்கு யோசனை. திருக்குறளில் இல்வாழ்க்கையும் வாழ்க்கைத் துணைநலமும் மக்கட்பேறும் அறத்துப்பாலில் இருக்கின்றன. அரசும் பொருளீட்டலும் உழவும் பொருட்பாலில். வீடு அறத்தின் பக்கம், செல்வம் வேறு பக்கம். ஸ்மித்துக்கும் இதற்கும் தொடர்பு இல்லை. வீட்டை அறத்தில் வைப்பது அதற்குச் செய்யும் மரியாதை என்றே நமக்குச் சொல்லித்தரப்படுகிறது என்பதை மட்டும் குறித்துவைக்கிறேன்.

ஸ்மித்தின் அற நூலிலிருந்த ஓட்டையை அந்த நூற்றாண்டிலேயே ஒருவர் கண்டுபிடித்தார். அவர் அந்த நூலின் மொழிபெயர்ப்பாளர். சோஃபி தெ குரூஷி, 1764இல் பிறந்தவர், தத்துவஞானி கொந்தோர்சேயின் மனைவி. பிரெஞ்சுப் புரட்சியின் பயங்கர ஆட்சியில் கணவர் தலைமறைவாக இருந்தபோது சின்ன உருவப்படங்கள் வரைந்தும் துணிக்கடை வைத்தும் மகளோடு பிழைத்தார். சொத்து முழுவதும் பறிபோகாமல் இருக்க, கணவரின் சம்மதத்தோடே அவரிடமிருந்து மணவிலக்குப் பெற்றார். கொந்தோர்சே 1794இல் சிறையில் இறந்தார். 1798இல் 'அறவுணர்வுகளின் கோட்பாடு' குரூஷியின் மொழிபெயர்ப்பில் வெளிவந்தது; நெடுங்காலம் பிரெஞ்சு வாசகர்களுக்கு ஸ்மித் என்றால் அந்தப் பிரதிதான். அதோடு சேர்த்துப் பரிவு பற்றிய எட்டுக் கடிதங்களையும் அவர் வெளியிட்டார். மொழிபெயர்ப்பாளரின் பின்னிணைப்பு என்று வரலாறு அதை நகர்த்திவைத்தது. உண்மையில் அது நூலாசிரியரோடு நடத்திய விவாதம்.

ஸ்மித் பரிவின் விளைவுகளை விவரித்தார், அது எங்கிருந்து பிறக்கிறது என்று கேட்கவில்லை என்பது குரூஷியின் குறை. ஸ்மித்தின் உலகில் இரண்டு வளர்ந்த மனிதர்கள் எதிரெதிரே நிற்கிறார்கள். ஒருவர் கற்பனையால் மற்றவரின் இடத்துக்குப் போய்ப் பார்க்கிறார். அவர்கள் வளர்ந்தது எப்படி என்ற பேச்சில்லை. குரூஷி தொட்டிலிலிருந்து தொடங்குகிறார். பிறந்த குழந்தை தன் வலியும் சுகமும் முழுக்க இன்னொருத்தியைச் சார்ந்திருப்பதை உடலால் அறிகிறது. பால் தரும் தாதியோடு ஏற்படும் அந்தச் சார்பே பரிவின் முதல் விதை. அதாவது, பிறரை உணரும் திறன் ஒருவரின் பெருமனதிலிருந்து பிறப்பதில்லை. யாரோ நம்மைத் தூக்கினார்கள், ஊட்டினார்கள், அதனால் அது நமக்குள் வந்தது. இதிலிருந்து அவர் அரசியலுக்குப் போகிறார். செல்வத்தின் பெரிய இடைவெளி பணக்காரரும் ஏழையும் ஒருவரையொருவர் உணர முடியாதபடி செய்துவிடுகிறது, அநீதியான நிறுவனங்களே பெரும்பாலான கொடுமைகளை உண்டாக்குகின்றன என்கிறார். அறம், பொருள், அரசியல் மூன்றும் தொட்டிலில் தொடங்கி ஒரே நூலாக ஓடும் வேறொரு செவ்வியல் சிந்தனை இங்கே கிடைத்தது.

அவர் தேர்ந்த சொல் தாய் என்பதாக இல்லாமல் தாதி என்பதாக இருப்பது எனக்கு முக்கியமாகப் படுகிறது. அந்தக் காலத்துப் பிரான்சில் குழந்தைகளைக் கூலிக்குப் பாலூட்டும் பெண்களிடம் விடுவது பெருவழக்கு. ஆகவே மனிதப் பரிவின் ஊற்றுக்கண்ணில் நிற்பவள் ஒரு கூலிக்காரி. அவளுடைய சொந்தப் பிள்ளை அந்த நேரத்தில் எங்கே இருந்தது, அவளுக்கு மாதம் என்ன கிடைத்தது என்று குரூஷியும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பொருளியல் நூலையும் அவரே எழுதியிருப்பார். நம் அக இலக்கியத்தில் செவிலித்தாய் இருக்கிறாள். தலைவி உடன்போக்குப் போனபின் பாலைவழியில் தேடி அலைபவள். தோழி அவள் மகள் என்கிறது தொல்காப்பியம். அவள் துயரத்துக்கு நிறைய விளக்கம் எழுதிய உரைகளில், அவள் அந்த வீட்டில் என்ன நிலையில் வேலை செய்தாள் என்ற கேள்வியை நான் பார்த்ததில்லை. இன்று மருத்துவமனைப் பணியாளருக்கு அவள் பெயரைத்தான் வைத்திருக்கிறோம்.

குரூஷியின் கடிதங்கள் வந்த அதே 1798இல் லண்டனில் இன்னொரு நூல் வெளிவந்தது: மால்தூஸின் மக்கள்தொகைக் கட்டுரை. அதன் தலைப்பிலேயே யாருக்கு எதிராக எழுதப்பட்டது என்று இருக்கிறது. கொந்தோர்சே அவர்களில் ஒருவர். பிள்ளைப்பேற்றை அறிவால் கட்டுப்படுத்த முடியும் என்று கொந்தோர்சே குறிப்பால் சொன்னதை மால்தூஸ் அருவருப்போடு ஒதுக்கினார். குரூஷியின் பக்கம் உலகம் போகவில்லை, மால்தூஸின் பக்கமே போனது. அவர் நூலில் ஓரிடம் உண்டு. ஆண்கள் தண்டனையின்றிச் செய்யும் தவறுக்குப் பெண் சமூகத்தைவிட்டே விரட்டப்படுவது இயற்கை நீதிக்கு எதிரானது என்று வெளிப்படையாக ஒப்புக்கொள்கிறார். உடனே, தந்தையற்ற பிள்ளைகள் சமூகத்துக்குச் சுமையாவதைத் தடுக்க எளிய வழி அதுவே என்பதால் அந்த வழக்கம் உண்டானது இயல்பு என்றும் சொல்லிவிடுகிறார். அறம் அநீதி என்கிறது, பொருளியல் வசதி என்கிறது, வசதி வெல்கிறது. 1834இன் ஏழைகள் சட்டத் திருத்தம் இதைச் சட்டமாகவே எழுதியது. மணமாகாமல் பிறந்த பிள்ளையின் பொறுப்பு முழுவதும் தாயின் தலையில் விழுந்தது. பத்தாண்டு எதிர்ப்புக்குப் பிறகு 1844இல்தான் அது ஓரளவு தளர்ந்தது.

மால்தூஸ் நமக்கும் தூரத்து ஆள் இல்லை. 1805 முதல் இறக்கும்வரை கிழக்கிந்தியக் கம்பெனியின் ஹெய்லிபரி கல்லூரியில், இந்தியாவை ஆளப்போகும் இளைஞர்களுக்குப் பொருளியல் கற்பித்தவர். தாது வருடப் பஞ்சத்தில், 1877இல், சென்னை மாகாணத்து நிவாரண வேலைத்தலங்களில் ஓர் ஆணின் நாள்கூலியை ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவுமாகக் குறைத்த ரிச்சர்ட் டெம்பிள் அந்தக் கல்லூரியில் படித்தவர்தான். தானிய வணிகத்தில் அரசு தலையிடக்கூடாது என்பதற்கு அப்போதைய ஆட்சியாளர்கள் துணைக்கு அழைத்த பெயர் ஸ்மித். வங்காளப் பஞ்சத்தில் கம்பெனிக்காரர்களின் பொறுப்பைச் சுட்டிக்காட்டியவரும் அதே ஸ்மித்தான் என்பதை அவர்கள் மறந்துவிட்டார்கள்.

பெண்கள் இந்தப் பொருளியலுக்கு வெளியே நின்று அழுதுகொண்டிருந்தார்கள் என்று நினைத்துவிடக்கூடாது. உள்ளே வந்து வேலை செய்தவர்கள் உண்டு, அவர்கள் எல்லோரும் நம் தோழிகளும் இல்லை. பிரிசில்லா வேக்ஃபீல்டு, 1798இலேயே, ஸ்மித்தை மேற்கோள் காட்டித் தொடங்கினார்: உழைப்பில் பங்களிக்காதவர் சமூகத்துக்குப் பாரம் என்றால் அது பெண்ணுக்கும் பொருந்தும்; அப்படியானால் வேலைகளைத் திறந்துவிடுங்கள், ஒரே வேலைக்கு ஆணுக்கு ஒரு கூலியும் பெண்ணுக்கு ஒரு கூலியும் ஏன்? ஆனால் ஒவ்வொரு வகுப்புப் பெண்ணும் அவரவர் தகுதிக்கு ஏற்ற வேலையோடு நிற்க வேண்டும் என்பதில் அவருக்குச் சந்தேகம் இல்லை. ஹாரியட் மார்ட்டினோ 1832 முதல் 1834 வரை பொருளியலைக் கதைகளாக எழுதிப் பெரும் புகழ் பெற்றார். அதில் ஒரு கதை ஸ்காட்லாந்தின் தீவொன்றில் நடக்கிறது; மீன்வளம் குறைகிறது, பிள்ளைகள் பெருகுகின்றன, பட்டினி வருகிறது. ஸ்மித்தின் மலைநாட்டுத் தாய்க்கு அங்கே பெயரும் பேச்சும் கிடைத்தன, ஆனால் அவள் பேசுவது மால்தூஸின் பாடம். மணமாகாத பெண் ஒருத்தி மக்கள்தொகையைப் பற்றி எழுதலாமா என்று 'குவார்ட்டர்லி ரிவ்யூ' 1833இல் அவரைக் கேவலமாகக் கிண்டல் செய்தது. அந்தக் கிண்டலுக்காக நான் மார்ட்டினோவின் பக்கம் நிற்கிறேன். கதைக்காக நிற்க முடியவில்லை.

அறமும் பொருளும் முறைப்படி தனிக்குடித்தனம் போனது ஜான் ஸ்டூவர்ட் மில்லின் கையால். செல்வத்தை விரும்பும் உயிராக மட்டும் மனிதரை எடுத்துக்கொண்டு ஆராய்வதே அரசியல் பொருளாதாரம் என்று 1836இல் வரையறுத்தார். மனிதர் உண்மையில் அப்படித்தான் என்று நம்பும் அளவுக்கு எந்தப் பொருளியலாளரும் அறிவிலி இல்லை என்றும் சேர்த்துச் சொன்னார். ஆராய்ச்சி வசதிக்கான பிரிவு, அவ்வளவுதான். அந்த வசதியின் விலை அவருடைய புத்தகங்களிலேயே தெரிகிறது. 1869இல் வந்த 'பெண்களின் அடிமைநிலை' நூலில் மில் ஸ்மித் செய்யாததைச் செய்தார். பிள்ளை பெறும் உடல் வேதனை, வளர்க்கும் பொறுப்பு, வருமானத்தைச் சிக்கனமாகக் குடும்பத்துக்குப் பயன்படுத்தும் வேலை இவற்றைக் கூட்டிப் பார்த்தால், கூட்டு வாழ்க்கைக்குத் தேவையான உடலுழைப்பிலும் மனவுழைப்பிலும் பெரும்பங்கு மனைவியுடையது என்று எழுதினார். தொண்ணூற்று மூன்று ஆண்டுகளில் கான்டிலான் கணக்கைத் திருத்திய வாக்கியம் இது. ஆனால் அது இடம்பெற்றது பெண்ணுரிமை நூலில். 1871 வரை ஏழு பதிப்புக் கண்ட 'அரசியல் பொருளாதாரக் கோட்பாடுகள்' நூலின் கூலி அத்தியாயங்களில் அந்தக் கூட்டல் ஏறவில்லை. அதைவிட மோசம், அந்தக் கூட்டலிலிருந்து அவர் எடுத்த முடிவு. இவ்வளவு உழைப்பவள் வெளியிலும் உழைக்க வேண்டாம். ஆண் சம்பாதிக்க, பெண் வீட்டை நடத்துவதே பொதுவாகப் பொருத்தம். ஆண் தொழிலைத் தேர்வதுபோலப் பெண் திருமணத்தின் மூலம் அந்த வேலையைத் தேர்ந்துகொள்கிறாள்.

ஹாரியட் டெய்லர் இதற்குப் பதினெட்டு ஆண்டுகள் முன்பே பதில் எழுதிவிட்டார். 1851இல் 'வெஸ்ட்மின்ஸ்டர் ரிவ்யூ'வில் வந்த கட்டுரை அது. மில்லை அவர் மணந்ததும் அந்த ஆண்டில்தான். பெண்கள் வேலைக்கு வந்தால் போட்டி கூடிக் கூலி விழும் என்று பொருளியல் பயமுறுத்தியது. சரி, விழட்டும் என்றார் டெய்லர். கணவன் தனியாகச் சம்பாதித்ததை இருவர் சேர்ந்துதான் சம்பாதிக்க முடியும் என்ற நிலையே வந்தாலும், ஆண் மட்டும் சம்பாதித்து எல்லோருக்கும் எசமானாக இருப்பதைவிட அது மேல். வீட்டு வருமானத்தில் பங்கு உள்ளவளை இழிவாக நடத்த முடியாது. கூலி மட்டம் என்ற பொருளியல் கேள்விக்குள் வீட்டில் யார் யாருக்குப் பயப்படுகிறார்கள் என்ற அறக் கேள்வியைக் கொண்டுவந்தவர் அவர். ஆனால் அந்த வீட்டில் பிள்ளையைப் பார்த்துக்கொள்வது யார் என்று கேட்டால் அவரிடமும் சம்பளம் வாங்கும் இன்னொரு பெண்ணே பதிலாக நிற்கிறாள். பெயரில்லாமல்.

மில்லின் பொருளியல் நூலில் தொழிலாளர்களின் எதிர்காலம் பற்றிய அத்தியாயம் முழுக்க டெய்லருக்குக் கடன்பட்டது என்று மில் தன் வரலாற்றில் எழுதினார். அதைப் பொருளியல் வரலாற்றாசிரியர்கள் பலர் காதல் மிகையென்று ஒதுக்கினார்கள். டெய்லர் 1858இல் அவிஞோனில் இறந்தார். அவருடைய மகள் ஹெலன் அப்போது நாடக நடிகையாகும் முயற்சியில் இருந்தார். மேடையை விட்டுவிட்டு வந்து, மில்லுக்கு வீட்டை நடத்தினார், கடிதங்களுக்குப் பதில் எழுதினார், 'பெண்களின் அடிமைநிலை' உருவாகும்போது கூட உட்கார்ந்து வேலை செய்தார்.